எந்தப் பெயரில் தேடுவது?

வலிகாமத்துப் பெண்கள் பாடசாலையொன்றின் பழைய மாணவிகள் பதிவேடு: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒன்றுகூடல் நாளில் வாசல் மேசையில் இருக்கிறவளுக்குப் பத்து மணிக்குள் தொண்டை வற்றிவிடும். வருகிறவரிடம் "பெயரைச் சொல்லுங்கோ அக்கா" என்று கேட்டால், பாதிப் பேர் "எந்தப் பெயர்?" என்று திருப்பிக் கேட்பார்கள். பகிடிக்குக் கேட்பதில்லை. பாடசாலையில் இருந்த பெயர் ஒன்று, கலியாணத்துக்குப் பிறகு வந்தது ஒன்று, கடவுச்சீட்டில் இருப்பது இன்னொன்று. சங்கத்தின் பட்டியலில் எது ஏறியிருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

2018ல் அந்த மேசையில் இருந்தது நான். முந்திய ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் என்னை உதவிச் செயலாளராகத் தெரிவு செய்திருந்தார்கள். கூட்டத்துக்குப் பிந்தி வந்ததற்கான தண்டனை என்று சொல்லிச் சிரித்தார்கள். பாடசாலையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. சங்கத்துக்குள் நடந்த இழுபறிகளும் இதில் வருகின்றன. சம்பந்தப்பட்டவர்கள் எல்லாரும் இப்போதும் ஒரே தேர்த்திருவிழாவில் சந்தித்துக்கொள்கிறவர்கள். ஊர் யாழ்ப்பாணத்து வலிகாமம், உடுவிலிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். அது போதும்.

செயலாளர் அக்கா என்னிடம் ஒப்படைத்தவை: தட்டச்சில் அடித்த உறுப்பினர் பட்டியல், ஒரு பெட்டி நிறைய ரசீதுப் புத்தகக் கட்டைகள், "இதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தும்" என்ற ஒரு வசனம். ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு வருடத்துக்கு மேல் எடுத்தது.

சிக்கல்

ஓர் உதாரணம் சொல்கிறேன், ஆள் கற்பனை. 1968ல் வகுப்பில் இருந்தவர் சி. புவனேஸ்வரி. சி. என்பது அப்பா சின்னத்தம்பி. 1975ல் கொழும்பில் அவர் திருமதி பு. நடராஜா. பிறகு லண்டனுக்குப் போகிறார். விசாப் படிவத்தில் குடும்பப்பெயர்க் கட்டத்துக்குள் கணவரின் பெயர் ஏறுகிறது. வேலையிடத்தில் அதையும் சொல்ல வாய் வராமல் சுருக்க, புவனா நாதன் ஆகிவிடுகிறார். முப்பது வருடம் கழித்துப் பேத்தி பாடசாலை பார்க்க வந்து "அம்மம்மாவின் பெயர் இருக்கிறதா?" என்று கேட்டால் எந்த எழுத்தில் தேடுவது? பக்கத்து ஆண்கள் கல்லூரியில் படித்த தம்பி சி. சிவகுமார் அன்றும் சி. சிவகுமார், இன்றும் சி. சிவகுமார். அவர்களுடைய சங்கம் விலாசம் மாறியதை மட்டும் குறித்துக்கொண்டால் வேலை முடிந்தது.

ஆண்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு: கிரிக்கெட். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் 1904 முதல் மோதுகிற வடக்கின் பெருஞ்சமருக்கு லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற பழைய மாணவர்கள் லீவைக் கணக்குப் பார்த்து எடுத்துக்கொண்டு வருகிறார்கள். யாரும் அழைப்பிதழ் அனுப்பத் தேவையில்லை. பங்குனி மாதம் தானே அழைக்கும். பெண்கள் பாடசாலைகளில் வலைப்பந்தாட்டம் இருக்கிறது, பரிசளிப்பு விழா இருக்கிறது, மிஷன் வழிவந்த பாடசாலைகளில் நத்தார்க் கீத ஆராதனையும் இருக்கிறது. ஆனால் கடல் கடந்து ஒருத்தியை இழுத்துவருகிற ஒரு நாள் கிடையாது. கூப்பிட்டால்தான் வருவார்கள். கூப்பிடப் பெயர் வேண்டும், இலக்கம் வேண்டும். ஆகவே பட்டியல் எங்களுக்கு எழுத்துவேலை மட்டுமில்லை, சங்கமே அதுதான்.

ஒரு பழைய வழக்கம்

பெயர் மாறுகிற கதை எங்கள் பக்கத்தில் கலியாணத்தோடு தொடங்கியதல்ல. அமெரிக்க மிஷனரிமார் 1816ல் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1823ல் வட்டுக்கோட்டையில் ஆண்களுக்குச் செமினரி என்கிற உயர்கல்விக்கூடம், 1824ல் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை. இரண்டுக்கும் ஒரு வருட இடைவெளி மட்டுமே இருப்பதன் காரணத்தை மிஷனரிமாரே ஒளிக்கவில்லை: படித்த கிறிஸ்தவ மாப்பிள்ளைக்குப் படித்த கிறிஸ்தவப் பெண் வேண்டும். உடுவிலைத் தொடக்கி நடத்தியவர் ஹரியட் வின்ஸ்லோ அம்மையார். பின்னாளில் பெரிய தமிழ் அகராதியை வெளியிட்ட மைரன் வின்ஸ்லோவின் மனைவி. பெண்பிள்ளையை விடுதியில் விடத் தாய்தகப்பன் தயங்கிய காலம். படிப்பு முடியும்வரை நின்றால் மிஷன் சீதனம் கொடுக்கும் என்று சொல்லித்தான் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். 1833ல் ஹரியட் இறந்தார்.

அந்தக் காலத்தில் காசு அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே ஒரு சபையோ ஒரு குடும்பமோ ஆண்டுக்கு ஒரு தொகை அனுப்பினால் இங்கே ஒரு பிள்ளை விடுதியில் இருந்து படிக்கும். அனுப்பியவருக்கு ஒரு சலுகை: அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைக்கலாம். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்று நாங்கள் இன்று இரட்டைப் பெயரில் சொல்கிறவர்கள் அப்படி வந்தவர்கள். செமினரிப் பெயர் முன்னால், தாய் கூப்பிட்ட பெயர் பின்னால். விசுவநாதபிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவர். சதாசிவம்பிள்ளை உதயதாரகை பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர். பேர் எடுத்ததால் இரண்டு பெயரும் மிஞ்சின.

உடுவில் பெண்பிள்ளைகளுக்கும் இதே வழக்கம்தான். வீட்டில் ஒரு பெயர், விடுதியில் யாரோ ஓர் அமெரிக்கச் சீமாட்டியின் பெயர், கலியாணத்துக்குப் பிறகு இன்னாரின் மனைவி. செமினரி மாணவர்களைக் கைப்பிடித்த அந்த முதல் தலைமுறைப் பெண்களில் ஒருத்தியின் பெயரைச் சொல்லச் சொல்லி எங்கள் நிர்வாகக்குழுவில் ஒருநாள் கேட்டேன். சரித்திரம் படிப்பித்த ரீச்சர் இருவர் இருந்தார்கள். ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

அந்தக் காலத்துக்கு ஒரு பழைய மாணவிகள் சங்கம் இருந்தது என்று சொன்னால் அது எலைசா அக்னியூ என்கிற ஒரே ஆள்தான். 1840ல் நியூயோர்க்கிலிருந்து வந்து 1879 வரை உடுவிலில் அதிபராக இருந்தார். இடையில் ஒருதரம்கூட ஊருக்குத் திரும்பவில்லை. 1883ல் இங்கேயே இறந்தார். தாயையும் படிப்பித்து, மகளையும் படிப்பித்து, சில குடும்பங்களில் பேத்தியையும் படிப்பித்தவர். ஆயிரம் மகள்மாரின் தாய் என்று அவரைச் சொல்வதுண்டு. அத்தனை பேரும் யாரைக் கட்டினார்கள், எங்கே இருக்கிறார்கள் என்பதெல்லாம் ஒருவரின் தலைக்குள் இருந்தால் பதிவேடு எதற்கு? எங்கள் பாடசாலையிலும் அந்த மாதிரி ஆள் ஒருவர் இருந்தார், விடுதி மேற்பார்வையாளர். அவர் போன பிறகுதான் பட்டியல் எவ்வளவு ஓட்டை என்று தெரியவந்தது.

அரசு எடுத்ததும் எடுக்காததும்

இதைக் கெதியாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின் கீழ் உதவி பெறும் பாடசாலைகளை அரசு எடுத்துக்கொண்டபோது, உடுவில், சுண்டுக்குளி போன்ற சில தனியாகவே நிற்பதென்று முடிவெடுத்தன. அரச நன்கொடை நின்றது. கட்டணம் வாங்கவும் எளிதில் வழியில்லை. ஆசிரியர் சம்பளத்துக்கு அரச உதவி வந்தது பிறகுதான். இடைப்பட்ட வருடங்களில் அந்தப் பாடசாலைகளைத் தூக்கி நிறுத்தியதில் திருச்சபைக்கு அடுத்தபடி பழைய மாணவிகளுக்குப் பங்கு உண்டு. அவர்களுடைய சங்கங்கள் இன்றும் உறுதியாக இருப்பதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

எங்களுடையது அரசு எடுத்தது. அதிபர்தான் பதவிவழியில் சங்கத் தலைவர். சம்பளமும் கட்டடமும் அரசின் பொறுப்பு. சங்கத்துக்கு மிஞ்சுவது புலமைப்பரிசில், ஞாபகார்த்தப் பரிசு, விளையாட்டுச் சாமான், மலசலகூடத் திருத்தம், பரிசளிப்பு விழாவுக்கு றோல்ஸும் பிளேன்ரீயும்.

ஒரு விஷயம் மட்டும் அரச பாடசாலைகளுக்கே உரியது. முதலாம் தர வகுப்பு அனுமதியில் பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு 25 வீத ஒதுக்கீடு பல ஆண்டுகளாகச் சுற்றறிக்கையில் இருக்கிறது. அதற்குள் தாய் அந்தப் பாடசாலையில் எத்தனை வருடம் படித்தார் என்று பார்த்துப் புள்ளி. சங்க உறுப்புரிமைக்கும் புள்ளி. அதனால் எங்கள் ரசீதுக் கட்டைகளைப் புரட்டினால் ஒரு வேடிக்கை தெரியும். படிப்பு முடிந்து போனவள் பதினைந்து வருடம் எட்டிப் பார்க்கமாட்டாள். மூத்த பிள்ளைக்கு நான்கு வயது ஆனதும் ஆயுட்கால உறுப்பினர். இதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்கும் அப்படித்தான் சங்கத்தின் வாசல் தெரிந்தது.

தேடிய விதம்

தட்டச்சுப் பட்டியல் தலைப்பெழுத்து ஒழுங்கில் இருந்தது. எந்தத் தலைப்பெழுத்து என்பதற்கு ஒழுங்கில்லை: சிலருக்கு அப்பாவின் எழுத்து, சிலருக்குக் கணவரின் எழுத்து. ஒரே ஆள் இரண்டு இடத்தில் இரண்டு முறை சந்தா கட்டியிருந்ததும் உண்டு. இரண்டு ரசீதையும் வைத்துக்கொண்டு "அப்ப எனக்கு ரெண்டு வோட்டோ?" என்று கேட்டார் அந்த அம்மா.

முதலில் ஓ.எல். என்கிற சாதாரண தரப் பரீட்சை எடுத்த ஆண்டை வைத்துப் பிரித்தோம். பழைய மாணவிகள் தங்களைச் சொல்லிக்கொள்வதே அப்படித்தான்: "நான் எண்பத்திரண்டு பட்ச்." ஒவ்வொரு பட்ச்சுக்கும் ஒருத்தியைப் பிடித்து, அவளுடைய வாட்ஸ்அப் குழுவில் உள்ளவர்களின் மூன்று பெயர்களையும் எழுதித் தரச் சொன்னோம். எண்பதுகளின் பிற்பகுதிவரை நன்றாக வந்தது. அதற்குப் பிறகு குழுவிலேயே ஆட்கள் குறைவு. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வயதானவர்களைத் தேட எங்களுக்குக் கைகொடுத்தது மரண அறிவித்தல். படித்துச் சிரிக்க வேண்டாம். யாழ்ப்பாணத்துப் பத்திரிகை மரண அறிவித்தலைப் போல் ஒரு குடும்பப் பதிவேடு வேறெங்கும் இல்லை. "இணுவிலைப் பிறப்பிடமாகவும் ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கி, இன்னார் தம்பதிகளின் அன்பு மகளும், இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும் என்று அப்பாவின் பெயரையும் கணவரின் பெயரையும் ஒரே மூச்சில் கொண்டுவந்து சேர்த்துவிடும். எங்கள் பட்டியலில் சின்னத்தம்பியின் மகளாக நிற்கிறவளும் நடராஜாவின் மனைவியாக நிற்கிறவளும் ஒரே ஆள் என்று அங்கேதான் தெரியும். ஆள் இறந்த பிறகு தெரிந்து என்ன பயன் என்று கேட்கலாம். தகப்பனாரின் அறிவித்தலைப் பாருங்கள்: மகள்மாரின் பெயரும், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் லண்டன், கனடா, பிரான்ஸ் என்று அவர்கள் இருக்கிற நாடும், கீழே தொடர்புக்கு ஓர் இலக்கமும் இருக்கும். துக்க வீட்டு இலக்கத்துக்குச் சங்கக் காரியமாக எடுக்கக் கூடாது என்று எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்தோம். ஒரு மாதத்தில் வருகிற அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை பொறுப்பது.

மற்றது நேரே கேட்பது. ஒன்றுகூடலுக்கு வருகிற மூத்த ரீச்சர்மார் யாரைக் கண்டாலும் முதலில் கேட்பது "நீர் ஆற்றை மகள்?" என்றுதான். இந்தக் கேள்விமேல் எனக்கு நெடுநாளாகக் கோபம் இருந்தது. தகப்பன் யார், எந்தப் பகுதி, எந்தக் குடும்பம் என்று அளந்து பார்ப்பதற்கும் அதே கேள்விதான் பயன்படுகிறது. அதைத் தெரியாதவர் யாழ்ப்பாணத்தில் இல்லை. ஆனால் பதிவேட்டு வேலையில் அந்தக் கேள்வியின் மறுபக்கத்தைக் கண்டேன். கணவரின் பெயரை எழுதிக்கொண்டு திரிகிற அறுபது வயதுப் பெண், அந்தக் கேள்வி வந்ததும் நிமிர்ந்து அப்பாவின் பெயரைச் சொல்வார். ரீச்சர் உடனே "ஓ, நீர் லோகேஸ்! நெற்போல்ல சென்ரர் எல்லே!" என்பார். நாற்பது வருடமாக யாரும் அவரை லோகேஸ் என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

சேர்விலக்கம்

இவ்வளவும் செய்தும் பட்டியலில் ஒரே பெயர் பல பேருக்கு இருந்தது. மு. பத்மாவதி என்று மூவர். அப்போதுதான் அலுவலகத்தில் இருந்த எழுதுவினைஞர், "அக்கா, சேர்விலக்கத்தைப் போட்டால் என்ன?" என்றார். பாடசாலையில் சேர்ந்த நாளில் சேர்வுப் பதிவேட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இலக்கம் விழுகிறது. கலியாணம் செய்தாலும் நாடு மாறினாலும் அது மாறாது. விடுகைப் பத்திரத்திலும் அதே இலக்கம். கண்ணுக்கு முன்னால் இருந்ததை ஒரு வருடமாக நாங்கள் யோசிக்கவில்லை.

பழைய பதிவேடுகள் அலுமாரியில் அடுக்கியிருந்தன. ஒன்றைக் கறையான் பாதிவரை தின்றிருந்தது. போர் நெருங்கி, 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் ஒரே பாதையால் கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தபோது, இந்தப் பதிவேடுகளையும் உரப்பையில் கட்டிக் கொண்டுபோனவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பாடசாலையில் அதைச் செய்தவர் காவலாளி என்று ஒரு பேச்சு, இல்லை உப அதிபர் என்று ஒரு பேச்சு. அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பியபோது பதிவேடுகளும் திரும்பின, அவ்வளவுதான் நிச்சயம்.

பக்கம் பக்கமாகக் கைபேசியில் படம் எடுத்து, எக்செலில் ஏற்றினோம். சேர்விலக்கம், சேர்ந்த திகதி, சேர்ந்தபோது இருந்த பெயர், தகப்பன் அல்லது பாதுகாவலர், முன்பு படித்த பாடசாலை, விலகிய திகதி, விலகிய காரணம். கடைசி இரண்டு நிரலும்தான் எனக்குப் பல இரவு நித்திரையைக் கெடுத்தன.

1990 ஆனி மாதத்துக்குப் பிறகு இலக்கங்கள் பாய்ந்து பாய்ந்து ஏறின. முன்பு படித்த பாடசாலை என்ற இடத்தில் தெல்லிப்பழை, மாவிட்டபுரம், மயிலிட்டி, காங்கேசன்துறைப் பக்கத்துப் பெயர்கள். போரால் வலிகாமம் வடக்கு இடம்பெயர்ந்த வருடம் அது. சில பாடசாலைகள் அப்படியே முழுதாக வந்து, எங்கள் மாதிரிப் பாடசாலைகளில் பின்னேர நேரம் நடந்தன. அந்தப் பிள்ளைகள் எங்கள் பதிவேட்டில் இல்லை. ஆனால் தனித்தனியாக வந்து எங்கள் வகுப்புகளில் இருந்தவர்கள் உண்டு. விலகிய காரணம் சிலருக்கு இடம்பெயர்வு, பலருக்கு வெறும் கோடு. ஒருத்தி நான்கு மாதம், ஒருத்தி ஒன்றேகால் வருடம். அநேகம் பேர் எங்களிடம் ஓ.எல். எடுக்கவில்லை. ஆகவே எந்த பட்ச்சிலும் இல்லை, எந்த வாட்ஸ்அப் குழுவிலும் இல்லை. நாங்கள் ஓ.எல். ஆண்டை வைத்துப் பிரித்தபோதே அவர்களை வெளியே தள்ளிவிட்டோம். தெரிந்து செய்யவில்லை. தெரியாமல் செய்தது என்பதால் குறைந்துவிடவும் இல்லை.

யாப்புத் திருத்தம்

சங்க விதிகளைச் சொல்கிற எங்கள் யாப்பில் ஒரு வசனம் இருந்தது: ஆகக் குறைந்தது மூன்று வருடம் படித்தவரே உறுப்பினராகலாம். சேர்விலக்கம் உள்ள யாரும் உறுப்பினராகலாம் என்று மாற்றும்படி அடுத்த பொதுக்கூட்டத்துக்குப் பிரேரணை கொடுத்தேன். வழமையாகப் பொதுக்கூட்டம் என்றால் அறிக்கை வாசிப்பு, கணக்கு வாசிப்பு, தெரிவு, தேநீர். அன்று தேநீர் ஆறிப்போனது.

எதிர்த்தவர்களை வில்லிகளாகக் காட்டினால் இந்த ஆய்வு பொய்யாகிவிடும். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்குச் சொந்தப் பாடசாலை இருக்கிறது, அதன் சங்கமும் இருக்கிறது. இழுத்துவந்து எங்கள் கணக்கில் சேர்ப்பது சரியா? முதலாம் தர அனுமதிக்காகவே ஆட்கள் வந்து நிறைந்துவிட்டால்? வெளிநாட்டுக் கிளையொன்றின் பிரதிநிதி, நான்கு மாதம் படித்தவர் நாளைக்குத் தலைவருக்குக் கீழ் உப தலைவராக வந்து நின்றால் என்ன செய்வது என்று கேட்டார். இன்னொருவர் மெல்லிய குரலில் சொன்னதுதான் உண்மையான காரணம் என்று நினைக்கிறேன்: "எங்கட பாடசாலை எண்டு சொல்ல ஒரு அளவு வேணும்தானே."

பிறகு எழும்பியவர் ஓய்வுபெற்ற கணித ரீச்சர். நீளமாகப் பேசவில்லை. "தொண்ணூறிலை ஒரு வகுப்பிலை எழுபது பிள்ளையள். வாங்கு காணாது, வேப்பமரத்துக்குக் கீழை வைச்சுப் படிப்பிச்சனான். ஆர் எங்கட பிள்ளை, ஆர் வந்த பிள்ளை எண்டு நான் பிரிச்சுப் பாக்கேல்லை. இப்ப என்னை வந்து பிரிக்கச் சொன்னால் ஏலாது." சொல்லிவிட்டு இருந்துவிட்டார்.

பிரேரணை நிறைவேறியது, ஆனால் ஒரு வாலோடு: சேர்விலக்கம் உள்ளவர் உறுப்பினராகலாம், நிர்வாகக்குழுப் பதவிக்கு மூன்று வருடம் படித்திருக்க வேண்டும். பாதி வென்றோம். அந்த வால் தேவையில்லை என்பது இன்றும் என் கட்சி. பதவிக்கு ஆள் பிடிக்க வருடாவருடம் நாங்கள் படுகிற பாட்டைப் பார்த்தால், நான்கு மாதம் படித்த ஒருத்தி முன்வந்தால் மாலை போட்டு வரவேற்க வேண்டும்.

காசும் பெயரும்

பதிவேடு ஒழுங்கானதும் காசு வந்தது. இது எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது, காசோடு வந்த கேள்வி.

முதலில் பழைய காசைப் பற்றி. ஞாபகார்த்தப் பரிசுகள் பெரும்பாலும் நிலையான வைப்பில் போட்டவை, வட்டியில் பரிசு. எழுபதுகளில் ஒருவர் தாயின் பெயரில் ஆயிரம் ரூபாய் வைத்தபோது அதன் வட்டிக்கு ஒரு நல்ல புத்தகம் வாங்கலாம். இன்று ஒரு கொப்பிகூட வராது. 2022ல் மிச்சமும் கரைந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டி நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. செப்டெம்பரில் பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதம். பரிசளிப்பு நாளில் பெயரை மட்டும் வாசித்து, பரிசைச் சங்கத்தின் பொதுக்காசில் வாங்கினோம். அதே வருடம் பவுணிலும் டொலரிலும் அனுப்புகிறவரின் ஒரே தொகை இங்கே இருமடங்கை நெருங்கியது. ஆகவே உள்ளூரில் சந்தா கட்டி நடத்துகிறவர்களின் குரல் சிறுத்து, கிளைகளின் குரல் பெருத்தது. யாரும் திட்டமிட்டதில்லை; நாணயமாற்று செய்த வேலை.

அந்த நேரத்தில்தான் ஒரு கிளையிலிருந்து யோசனை வந்தது. ஏ.எல். என்கிற உயர்தரம் படிக்கிற வசதி குறைந்த பிள்ளைகளுக்கு மாதாமாதம் பஸ் காசும் ரியூஷன் காசும். நல்ல யோசனை. நிபந்தனை: ஒவ்வொரு கொடையாளிக்கும் ஒரு பிள்ளை, அந்தப் பிள்ளையின் பெயர், படம், வீட்டு நிலைமை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிள்ளை கைப்பட எழுதிய கடிதம்.

நிர்வாகக்குழுவில் இதைப் பிழையாகப் பார்த்தவர் குறைவு. "எங்கட காசு ஆருக்குப் போகுது எண்டு தெரிய வேண்டாமோ?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? எனக்கு உடனே உடுவில் விடுதிதான் ஞாபகத்துக்கு வந்தது. கடல் கடந்து காசு, கூடவே ஒரு பெயர். அன்று அனுப்பியவர் பிள்ளைக்குத் தன் பெயரைக் கொடுத்தார். இன்று அனுப்புகிறவர் பிள்ளையின் பெயரைக் கேட்கிறார். இதை அப்படியே கூட்டத்தில் சொன்னேன். கொஞ்சம் கூடிப்போன பேச்சு என்று எனக்கே தெரியும். அனுப்புகிறவர்களில் பலர் அதே வாங்கில் இருந்து, அதே பஸ் காசுக்குக் கஷ்டப்பட்டுப் படித்தவர்கள். அவர்களை அமெரிக்கச் சீமாட்டியோடு ஒப்பிட்டது பலருக்கு நோகவும் செய்தது. ஒருவர் அன்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை.

கடைசியில் முடிவானது இது: கொடையாளிக்குப் பிள்ளையின் தரமும் பாடப்பிரிவும் மாதாந்தத் தொகையும் தெரியும்; பெயர் தெரியாது. தெரிவு செய்வது அதிபரும் இரண்டு ஆசிரியர்களும். படித்து முடித்த பிறகு பிள்ளை விரும்பினால் கடிதம் எழுதலாம். சிலர் விலகினார்கள். ஒரு சிலர் சங்கத்தைத் தவிர்த்து நேரே ஆட்களைப் பிடித்துக் கொடுக்கத் தொடங்கினார்கள், அதைத் தடுக்க எங்களுக்கு உரிமை இல்லை. மற்றவர்கள் தொடர்ந்தார்கள்.

இடையில் இன்னொரு கொடை பற்றியும் சொல்ல வேண்டும், பெண்கள் சங்கங்களுக்கு மட்டும் வருகிற சிக்கல் என்பதால். வெளிநாட்டில் இருக்கிற ஓர் அக்கா, விளையாட்டுத் திடலை ஒட்டிய தன் சீதனக் காணித் துண்டைப் பாடசாலைக்குத் தர விரும்பினார். உறுதி எழுதுகிற நொத்தாரிசு கேட்ட முதல் கேள்வி: கணவரின் கையெழுத்து எங்கே? யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர்களுக்கான 1911ஆம் ஆண்டுத் திருமண உரிமைகள், மரபுரிமைச் சட்டப்படி, கலியாணம் செய்த பெண் தன் அசையாச் சொத்தைக் கணவரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. தாய்தகப்பன் மகளுக்குக் கொடுத்த சீதனமாக இருந்தாலும் அப்படித்தான். அவர்கள் பிரிந்து இருபது வருடம். மாவட்ட நீதிமன்றத்தில் சம்மதம் கேட்கலாம். அதற்கு அவர் இங்கே வந்து வழக்குப் பேச வேண்டும். காணியில் இன்னும் பூவரசு நிற்கிறது. பழைய மாணவிகள் ஏன் காசாகவும் நகையாகவும் மட்டும் கொடுக்கிறார்கள் என்று யாராவது கேட்டால் இதையும் சொல்லுங்கள்.

இப்போது

எங்கள் பிழை ஒன்றையும் எழுதிவைக்கிறேன். ஆண்டு மலர் அச்சிட்டபோது, ஒழுங்குபடுத்திய பதிவேட்டிலிருந்து பெயரும் தொலைபேசி இலக்கமும் எடுத்து ஒருவரையும் கேட்காமல் பின்பக்கங்களில் போட்டுவிட்டோம். பெருமையாக இருந்தது. இரண்டு வாரத்தில் காப்புறுதி விற்கிறவர்களும் காணித் தரகர்களும் அழைக்கத் தொடங்கினார்கள். பழைய வாழ்க்கையிலிருந்து விலகி இருக்கிற ஒருத்தி, தன்னைத் தேடக்கூடாத ஆள் தன்னைத் தேடிப் பிடித்துவிட்டதாக எழுதியிருந்தார். மீதிப் பிரதிகளை எரித்தோம். போனவற்றைத் திருப்பி எடுக்க முடியாது. அதன் பிறகு, எந்தப் பெயர் வெளியே தெரியலாம், இலக்கம் யாருக்குத் தெரியலாம் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு இரண்டு நிரல் சேர்த்தோம்.

கடந்த ஒன்றுகூடலுக்கு மயிலிட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். 1991ல் எங்களிடம் ஏழு மாதம். சேர்விலக்கம் நினைவில்லை, வகுப்பாசிரியரின் பெயரும், அவர் கொடுத்த ஒரு பேனையும்தான் நினைவு. வாசல் மேசையில் இப்போது என் இடத்தில் இருக்கிற தங்கச்சி பதிவேட்டில் தேடி இலக்கத்தைக் கண்டுபிடித்தாள். சந்தாவை வாங்கிக்கொண்டு, "ரசீதை எந்தப் பெயரிலை எழுத அக்கா?" என்று கேட்டாள்.

"அந்தப் புத்தகத்திலை எந்தப் பெயர் இருக்கு?"

பார்த்துச் சொன்னாள்.

"அதிலையே எழுதும்."

பதிவேடு கூகிளில் ஒன்றும் கொப்பியில் ஒன்றுமாக இருக்கிறது. கடவுச்சொல் தெரிந்தவர்கள் மூவர், அதில் ஒருவர் போன மாதம் மெல்பேணுக்குப் போய்விட்டார். ஆகவே எல்லாரும் கொப்பியைத்தான் பார்க்கிறார்கள்.